பதினேழாவது வீடியோ

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. மூன்று விரல். நாச்சிமுத்து.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். பின்னால் சொன்னால் மறைத்துவிட்டேன் என்பார்கள். ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். பல்லடத்தில் நீங்கள் இந்த பஸ்ஸில் ஏறியதிலிருந்து உங்கள் செல்லைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். கணக்கு வாத்தியார் என்று அந்தப் பலகையைப் பார்த்தாலே தெரிகிறது. பாடம் நடத்தி எடுத்த வீடியோ. நீங்கள் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்கிற இடங்களை விரலால் இழுத்து இழுத்து வெட்டுகிறீர்கள். என்ன சாஃப்ட்வேர்? இல்லை, பெயர் வேண்டாம். நானும் எந்தப் பெயரும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பேச்சு இல்லாத இடத்தை அதுவே வெட்டுமா, நீங்கள்தான் வெட்ட வேண்டுமா?

அதுவே வெட்டும், ஆனால் அந்தப் பொத்தானை இன்னும் தொட்டதில்லை என்கிறீர்கள். சரி. அப்படியானால் குண்டடம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தண்டபாணி. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் பயிற்சிப் பிரிவுக்குப் பொறுப்பு. முதலில் ஸ்டோர்ஸில் இருந்தேன், இருபத்தோரு வருடம். ஒரு போல்ட் காணாமல் போனதில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஜி.எம். என்னைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார். ஒழுங்கு தெரிந்தவன் எதையும் கற்றுக்கொள்ளலாம் என்பார்.

எங்கள் பம்பை ஊர் ஊராக மாட்டுகிறவர்கள் டீலரிடம் இருக்கும் மெக்கானிக்குகள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லித்தர முடியாது, வேலையை விட்டு வர மாட்டார்கள். அதனால் வீடியோ. ஒரு வேலைக்கு ஒரு வீடியோ என்று மொத்தம் முப்பத்தெட்டு. கோடை சீசனுக்கு முன்னால், ஏப்ரல் முப்பதுக்குள், எல்லா டீலருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு.

கேமராவுக்கு முன்னால் வேலை செய்து காட்ட சாரதாமணியைப் போட்டோம். டெஸ்டிங் பகுதியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். நாற்பத்து நாலு வயது. கை சுத்தம். அதை நான் மறுக்கவே மாட்டேன். யார் கேட்டாலும் கை சுத்தம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தம்மாவிடம் ஒரு பழக்கம். அந்தம்மாவிடம் மட்டும் இல்லை, டெஸ்டிங் பகுதி முழுக்கவே அந்தப் பழக்கம்தான். ஒருவர் கை கரண்ட் பெட்டிக்குள்ளே போனால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். செல் அடித்தால் யாராவது ஒருவர் ஓடிப்போய் அணைப்பார். கை வெளியே வந்த பிறகுதான் பேச்சு. நான் அங்கே ஒருமுறை சரக்குச் சீட்டோடு போய் "ஏனுங்க" என்று கூப்பிட்டதற்கு ஏழு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோயிலில் செருப்போடு நுழைந்தவனைப் பார்க்கிற மாதிரி.

வீடியோவிலும் அதையேதான் செய்தார். "முதல்ல லைனை நிறுத்திக்கணும்" என்பார். அத்தோடு சரி. நடந்துபோய், மெயினை அணைத்து, வேலை செய்து, சோதித்து, திரும்பி வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு "இனி ரிலேவைக் கழட்டலாம்" என்பார். நடுவில் ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம், நிசப்தம். சுவரில் மாட்டிய ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

முதல் ஆறு வீடியோவை அந்தம்மாவே எடிட் செய்தார். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே கற்றுக்கொண்டார். இலவச சாஃப்ட்வேர் ஒன்று. அதில் சத்தம் ஒரு கோடாக, மலையும் பள்ளமுமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் வெட்ட வேண்டும். ஒரு வீடியோவுக்கு ரெண்டு நாள். மார்ச் கடைசியில் ஆறுதான் முடிந்திருந்தது. நீளம் ஒவ்வொன்றும் ஒன்பது, பத்து நிமிடம்.

ஜி.எம். ஒன்றைப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார். "ஏனுங்க தண்டபாணி, இது பம்பு வீடியோவா, மௌன விரதமா?" என்றார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இருபத்தெட்டு நாள் பாக்கி இருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அப்புறம்தான் நான் இறங்கினேன். ஐந்து சாஃப்ட்வேரை எடுத்து, பதினான்கு விஷயம் வைத்து ஒப்பிட்டு, ஒரு அட்டவணை போட்டேன். இப்போதும் என் பையில் இருக்கிறது, காட்டட்டுமா? சரி, வேண்டாம், பஸ் குலுங்குகிறது. ஒன்று வீடியோ மூலையில் தன் பெயரைத் தானே ஒட்டிவிடும். ஒன்று எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறப்பதற்குள் கேன்டீன் போய்வந்துவிடலாம். இன்னொன்றில் தமிழ் எழுத்து உடையும். மோட்டார் என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விழும். அதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துத் தள்ளினேன். கடைசியில் ரெண்டு நின்றது. சாரதாமணி வைத்திருந்த அந்த இலவசம் ஒன்று. புதிதாக வந்த இன்னொன்று. அது பேச்சில்லாத இடத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டி, ரெண்டு முனையையும் ஒட்டிவிடும். ஒரு வினாடிக்கு மேல் குரல் இல்லை என்றால் வெட்டு. எத்தனை வினாடி என்று நாமே வைத்துக்கொள்ளலாம். நான் ஒன்று வைத்தேன்.

அட்டவணையில் வேகம், விலை, தமிழ் எழுத்து, பழகுவதற்கு எத்தனை நாள் என்று எல்லாம் இருந்தது. ஜி.எம். முழுசாகப் படித்தார். "இப்படித்தான் ஒரு முடிவு எடுக்கணும்" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் இருக்கிறது.

ஏப்ரல் பதினாறு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டையும் உள்ளே போட்டேன், அந்தம்மா எடிட் செய்திருந்த ஆறையும் சேர்த்து. நாலரை மணிக்கு முப்பத்தெட்டும் வெளியே வந்தது. ஒன்பது நிமிடம் இருந்தது மூன்றரை ஆகியிருந்தது. ரெண்டு மாத வேலை, சார், மூன்று மணி நேரத்தில்.

சரிபார்க்கவில்லை என்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் முப்பத்தெட்டையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கையில் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு, வரி வரியாக டிக் போட்டேன். ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எழுதிக்கொடுத்த பேச்சில் ஒரே ஒரு வார்த்தை குறைந்தது என்று யாராவது காட்டினால் வேலையை விட்டுவிடுகிறேன்.

பார்க்கவில்லையா என்கிறீர்களா? கண் ஸ்கிரிப்டில் இருந்தது, சார். ரெண்டு இடத்தில் எப்படிக் கண்ணை வைப்பது?

ஆறு நாள் கழித்து சாரதாமணி மேலே வந்தார். ஓவர்கோட்டோடு வந்தார். ஆபீஸுக்குள் ஓவர்கோட்டோடு வரக்கூடாது என்று விதி, நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் டெஸ்ட் ரிப்போர்ட் தாளில் பின்பக்கம் எழுதிய ஒரு சீட்டு.

"பதினேழாவது பாத்தீங்களா சார்?"

"எல்லாத்தையும் பாத்தாச்சு."

"அதுல நான் ஃப்யூஸ் புடுங்கறது இல்லீங்க."

பதினேழாவது வீடியோ, மோட்டாரைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் பெட்டியில் ரிலே என்கிற சின்னப் பாகத்தை மாற்றுவது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தோட்டத்தில் மெயின் போர்டில் மூன்று ஃப்யூஸ் இருக்கும், வெள்ளைப் பீங்கான் கட்டை. டெஸ்டிங்காரர்கள் மெயினை மட்டும் அணைக்க மாட்டார்கள். அந்த மூன்று கட்டையையும் பிடுங்கித் தன் ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். ஃப்யூஸ் தன் பாக்கெட்டில் இருக்கிற வரைக்கும் வேறு யாரும் வந்து கரண்டை விட முடியாது. மின்சாரம் போய் வந்தாலும் பெட்டிக்கு வராது. பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். இவ்வளவும் பேசாமல் நடக்கிற வேலை. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

"நீங்க பேசியிருந்தா அது இருந்திருக்கும்" என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன். "சாஃப்ட்வேருக்குப் பேச்சு இருந்தாத்தான் தெரியும். அந்த இடத்துக்கு இப்பக் குரல் குடுங்க, சேத்திக்கலாம்."

"கை உள்ள இருக்கறப்ப நான் பேச மாட்டனுங்க."

"கை இப்ப உள்ள இல்லீங்களே. மைக் முன்னால உக்காந்து பேசப் போறீங்க."

"பாக்கறவனுக்கு என் கை உள்ளதானுங்க இருக்கும். நான் பேசிட்டே செஞ்சா, அவனும் பேசிட்டே செய்வான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வெட்டாம விடுங்க. அந்த நாலு வீடியோவை நான் கையாலயே வெட்டித் தர்றன். பத்து நாள் குடுங்க."

"எட்டு நாள்தான் இருக்குது."

அந்தம்மா சீட்டை என் மேஜையில் வைத்தார். போகும்போது ஒன்று சொன்னார். "உங்க மெஷினுக்குக் காது இருக்குதுங்க சார். கண்ணு இல்லீங்க."

என் ஜூனியர் ஒருவன் கேட்டுச் சிரித்தான். ஒரு பொறுப்பான அதிகாரியிடம் இப்படியா பேசுவது? பதினெட்டு வருட சர்வீஸ் என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாமா? அன்று முழுக்க எனக்கு அதுதான் மனசில் ஓடியது. அதனால் சீட்டில் என்ன இருந்தது என்று அப்போதே படிக்கவில்லை. மறுநாள்தான் படித்தேன். "17இல் ஃப்யூஸ் எடுப்பது வெட்டுப்பட்டுள்ளது. 9, 22, 31இலும் இப்படியே. அனுப்ப வேண்டாம்." கீழே கையெழுத்து, தேதி. கையெழுத்து அழகாக இருக்கும் அந்தம்மாவுக்கு.

ஏப்ரல் முப்பதாம் தேதி முப்பத்தெட்டையும் அனுப்பினோம். சொன்ன தேதியில் சொன்ன எண்ணிக்கை. டீலர்களிடமிருந்து பாராட்டு வந்தது. "சுருக்கமா இருக்குதுங்க, பாத்து முடிச்சுட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். ஜி.எம். அதைப் படித்துக் காட்டினார். என் பெயரைச் சொன்னார்.

மே இருபத்திரண்டு வந்தது.

நாச்சிமுத்து குண்டடத்துக்காரர். பைப் இறக்குகிற ஆள். போர்வெல்லில் பைப்பை இறக்கி ஏற்றி, அதில் பேர் வாங்கியவர். கரண்ட் பெட்டி வேலைக்குப் புதுசு. இந்த சீசனில்தான் டீலர் அவரைப் பெட்டி வேலைக்கும் அனுப்ப ஆரம்பித்தார். ஏன் என்று கேளுங்கள். வீடியோதான் இருக்கிறதே என்று. என் வீடியோவுக்கு இருந்த மரியாதையைப் பாருங்கள். அதையும் என் தலையில்தான் கட்டினார்கள்.

அன்றைக்கு ஒரு தென்னந்தோப்பில் ரிலே மாற்றப் போயிருக்கிறார். போகும்போது கரண்ட் இல்லை. மின்வாரியத்தில் லைனை நிறுத்தியிருக்கிறார்கள். கரண்ட்தான் இல்லையே என்று பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டார். பத்து நாற்பதுக்குக் கரண்ட் வந்தது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. தூக்கி எறிந்ததில் தோள்பட்டை இறங்கிவிட்டது. கிணற்றுப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தார். அது அவருடைய நேரம்.

இந்தப் பக்கத்துக் காற்று அடிக்கிறதா? ஜன்னலைச் சாத்திவிடட்டுமா? இல்லை, சரி.

டீலர் கம்பெனிக்கு எழுதிவிட்டார். உங்கள் பதினேழாவது வீடியோவைப் பார்த்துத்தான் செய்தான் என்று. ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "பதினேழுல என்ன இருக்குது தண்டபாணி?" என்றார். "ஸ்கிரிப்ட்ல இருக்கறது எல்லாம் இருக்குதுங்க சார்" என்றேன். உண்மைதானே. "ஜூன் பதினாறு விசாரணை. அதுக்குள்ள அந்த ஆள் என்ன சொல்றான்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க" என்றார். வக்கீல் தயாரித்த ஒரு கடிதமும் கொடுத்தார். மேற்படி விபத்து நடந்த வேலையைச் செய்வதற்கு முன் மேற்படி வீடியோவை நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான், நாலே வரி.

அந்த நாலு வரி கிடைக்கவில்லை என்றால் என் வேலை போயிருக்கும், சார். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேலை போன தகப்பன் என்று பேச்சு வந்தால் எவன் வருவான்? ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு கிலோ சாத்துக்குடி வாங்கிக்கொண்டு இதே பஸ்ஸில் போனேன். பையில் கடிதம், மை டப்பி. கையெழுத்துப் போடுகிற கைதான் கட்டுப் போட்டிருக்கிறதே. இடது பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். அதையெல்லாம் யோசித்துத்தான் போனேன். ஸ்டோர்ஸ் புத்தி.

வீட்டுக்குள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த மாதிரி மனுஷன். நான் கையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"ஓட்டு மை வெக்கற வெரல் எடது கையிலதானுங்க சார். அது பத்திரமா இருக்குது. சர்க்காருக்கு நட்டமில்ல."

அவர் சம்சாரம் பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டது. நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"பாக்கலைன்னு எதுக்குங்க எழுதோணும்?" என்றது அந்தப் பெண். "பாத்தாரல்லங்க."

"ஒரு தடவ ரெண்டு தடவ இல்லீங்க சார்" என்றார் நாச்சிமுத்து. "பதினோரு தடவ பாத்தனுங்க. அந்தம்மா பேச்சு எனக்கு மனப்பாடம். சொல்லட்டுங்களா?"

சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, வரி மாறாமல் சொன்னார். நான் டிக் போட்ட அதே வரிகள். "முதல்ல லைனை நிறுத்திக்கணும். இனி ரிலேவைக் கழட்டலாம்." அந்த ரெண்டுக்கும் நடுவில் மூச்சுக்கூட விடவில்லை.

"லைன்தான் நின்னிருந்துச்சுங்களே" என்றார். "அதுக்கு மேல என்ன நிறுத்தறதுன்னு நெனச்சேன்."

"அனுபவம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"செல்லுல வெச்சிருக்கறீங்களா சார்? ஒருக்காப் போடுங்க. ஒரு சந்தேகமுங்க."

போட்டேன். என்ன செய்வது? கேட்கிறாரே. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அன்றைக்குத்தான், சார், ஸ்கிரிப்ட் கையில் இல்லாமல் பதினேழாவது வீடியோவைப் பார்த்தேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இப்ப அந்தம்மா பாக்கெட்டப் பாருங்க."

பார்த்தேன். ஓவர்கோட் பாக்கெட் தட்டையாக இருந்தது.

"இப்ப விடுங்க."

விட்டேன். ஒரு கண்சிமிட்டுதான். அதே அம்மா, அதே இடம், அதே பெட்டி. பாக்கெட் உப்பித் தொங்கியது.

"பதினோரு தடவையும் அதைப் பாத்தனுங்க" என்றார் நாச்சிமுத்து. "திடீர்னு பாக்கெட்டுல என்னமோ வந்துருது. செல்போன உள்ள போட்டுக்கிட்டாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அன்னைக்குக்கூடப் பெட்டியத் தெறக்கறப்ப என் செல்ல எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டனுங்க. அந்தம்மா செஞ்ச மாதிரியே செய்யோணும்னு."

பொன்னாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அது என்னதுங்க சார், பாக்கெட்டுல?"

சொன்னேன். மறைக்கவில்லை. ஃப்யூஸ் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் சட்டைப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

"இந்தக் கடுதாசியில ரேகை வெக்கலைன்னா என்னாகுமுங்க?"

"விசாரணை நடக்கும். வீடியோதான் தப்புன்னு ஆயிரும்."

"அந்தம்மாவுக்கு வேல போயிருங்களா?"

பாருங்கள், சார், அவர் அப்படித்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்தது வீடியோவில் இருக்கிற அந்த அம்மாவைத்தான். சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்தது யார், வெட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானாக எடுத்துச் சொல்வது முறையில்லை.

"போகலாம்" என்றேன். போகலாம் என்றுதான் சொன்னேன். போகும் என்று சொல்லவில்லை.

"ரேகை வெச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஏனுங்க, வெக்காதீங்க" என்றது பொன்னாத்தாள்.

"சும்மா இரு. எனக்குப் போனது போச்சு. அந்தம்மாவும் எதுக்கு..." என்று சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார். நான் மை டப்பியைத் திறந்தேன். பெருவிரலை நானே பிடித்து ஒற்றினேன்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் சாத்துக்குடிப் பையை வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. மறந்து வைத்துவிட்டது என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணை அரைமணி நேரத்தில் முடிந்தது. கடிதம் இருந்ததால் வீடியோ மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஆனாலும் ஜி.எம். சும்மா விடுகிற ஆள் இல்லை. சாரதாமணியைக் கேட்டார்.

"ஃப்யூஸ் எடுக்கற காட்சி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க சார்."

"சொன்னீங்களா?"

"சீட்டு எழுதிக் குடுத்தனுங்க."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "சீட்டு வந்துச்சா தண்டபாணி?"

"மேஜைக்கு நெறையச் சீட்டு வருதுங்க சார். தேடிப் பாக்கணும்" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தேடிப் பார்க்க வேண்டும் என்றேன். தேடிப் பாருங்கள் என்று ஜி.எம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேடியிருப்பேன்.

சாரதாமணி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு நீளமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது அந்தம்மாவின் வழக்கம் என்று முதலிலேயே சொன்னேனே.

"பேசியிருந்தா இவ்வளவும் வந்திருக்காது" என்று ஜி.எம்.மே சொன்னார். அது என்னுடைய வாக்கியம். நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து சாரதாமணி பேக்கிங் பகுதியில் இருக்கிறார். அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டுகிற வேலை. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆக, நாச்சிமுத்துவிடம் நான் சொன்னபடியே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சீட்டா? என்னிடம்தான் இருக்கிறது. அட்டவணையோடு ஒரே ஃபைலில் இருக்கிறது, இந்தப் பையில்தான். கிழித்துப் போடுகிற ஆள் இல்லை நான். ஸ்டோர்ஸில் இருபத்தோரு வருடம், ஒரு காகிதத்தைக் கிழித்ததில்லை.

இதோ குண்டடம். அந்த டீக்கடைக்குப் பக்கத்துச் சந்துதான், நாலாவது வீடு. சாயங்காலம் போனால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார் என்கிறார்கள். இறங்கவில்லையா என்கிறீர்களா? தாராபுரத்தில் பதினொன்றரைக்கு டீலர் கூட்டம். புது வீடியோக்களைப் பற்றி நான்தான் பேச வேண்டும். இன்னொரு நாள் பார்க்கலாம்.

உங்களுக்கு ஒரு யோசனை மட்டும். அந்த சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர். தாராளமாக உபயோகியுங்கள். எழுதும்போது மட்டும் பேசிக்கொண்டே எழுதுங்கள். எதையாவது பேசுங்கள். பேச்சு இருந்தால் அது வெட்டாது. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்தம்மாவைக் குரல் கொடுக்கக் கூப்பிட்டோம், பேக்கிங்கில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேறு ஆளை வைத்துப் புதிதாக எடுக்க நேரமில்லை. பழைய படத்தையே எடுத்து, வெட்டுப்பட்ட அந்த ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடியை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டோம்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினேழாவது வீடியோவை மறுபடியும் ஏற்றினோம். நீளம் ஐந்து நிமிடம் இருபத்திரண்டு வினாடி. கை சாரதாமணியுடையது. குரல் என்னுடையது.